வாசகர் கேள்விகள்: திரையரங்கும் வீடும் ஒரே வளாகத்தில்

அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் வேலை பார்க்கும் என் மகன், கீழே உணவகங்களும் கச்சேரி மேடையும் மேலே வீடுகளுமாக அமைந்த ‘பவர் அண்ட் லைட்’ என்னும் பகுதியில் குடியிருக்கிறான். ஓசூரில் பாகலூர் சாலைப் பக்கமும் அதே மாதிரி வளாகம் வரப்போவதாக எங்கள் வீட்டுக்கு விளம்பரத் தாள் வந்திருக்கிறது. அங்கே அது எப்படி வளர்ந்தது? இங்கேயும் அப்படி வளருமா?
— இல்லத்தரசி, ஓசூர்

உங்கள் மகன் இன்று குடியிருக்கும் பகுதி, 2007, 2008 ஆண்டுகளில் படிப்படியாகத் திறக்கப்பட்டபோது இப்படி இருக்கவில்லை. மிசௌரி மாநிலத்தின் அந்த நகரத்தில், அலுவலகம் முடிந்ததும் வெறிச்சோடிப்போகும் நகர மையத்தை உயிர்ப்பிக்க வேண்டும் என்று மாநகராட்சி முடிவெடுத்தது. கார்டிஷ் என்ற பால்டிமோர் நிறுவனத்தைத் துணை சேர்த்துக்கொண்டு, ஏறத்தாழ 29.5 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்களை வெளியிட்டு, சில தெருக்களை அடுத்தடுத்து உணவகம், மதுக்கூடம், இசை அரங்கம் என்று மாற்றியது. 1931-இல் எழுந்த மின்சார நிறுவனக் கோபுரத்தின் பெயரே வட்டாரத்துக்கும் அமைந்தது. பக்கத்திலேயே, 2004-இல் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்த பெரிய உள்ளரங்கம் ஒன்றும் 2007 அக்டோபரில் திறக்கப்பட்டது. அந்த வட்டாரத்தில் வசூலாகும் வரிகளே கடனை அடைத்துவிடும் என்பது மாநகராட்சியின் கணக்கு.

கணக்கு தப்பிற்று. திறந்த கையோடு 2008-இன் பொருளாதார வீழ்ச்சி வந்தது; உள்ளரங்கத்தில் நிரந்தரமாக ஆடும் என்று எதிர்பார்த்த தேசியக் கூடைப்பந்து அணியோ பனி ஹாக்கி அணியோ வரவேயில்லை. கச்சேரிகளால் அரங்கம் பிழைத்துக்கொண்டது என்றாலும், வட்டாரத்தின் வரி வசூல் கடன் தவணையை எட்டவில்லை. விழுந்த துண்டை மாநகராட்சி தன் பொது நிதியிலிருந்து ஈடுகட்ட நேர்ந்தது. அந்தத் தொகை பல ஆண்டுகளில் ஒரு கோடி டாலரைத் தாண்டியது. அந்தப் பக்கமே போகாத புறநகர்க் குடும்பமும் அதற்குத் தன் பங்கைக் கட்டியது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘அமெரிக்காவில் எல்லாம் தனியார் பணம்’ என்று நம் ஊரில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வளாகத்தின் போக்கை மாற்றியவை கொண்டாட்டத்தோடு தொடர்பில்லாத இரண்டு மூன்று செயல்கள். 2009 தொடக்கத்தில் அங்கே ஒரு முழு அளவிலான மளிகைக் கடை திறக்கப்பட்டது. பால், காய்கறி, அரிசி வாங்கக் காரெடுத்துப் போகவேண்டிய இடத்தில் யாரும் நிலைத்துக் குடியிருக்க மாட்டார்கள் என்பதால், என் கணிப்பில் அந்த ஒரு கடை பத்து மதுக்கூடங்களுக்குச் சமம். 2015-இல் ‘ஒன் லைட்’ என்ற 25 மாடிக் குடியிருப்புக் கோபுரம் எழுந்தது. 2016-இல் ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டணமில்லா டிராம் ஓடத் தொடங்கியது. பின் 2018-இல் ‘டூ லைட்’, 2023-இல் ‘த்ரீ லைட்’ என்று, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ முந்நூறு வீடுகளோடு, மேலும் இரண்டு கோபுரங்கள் வந்தன. இவற்றுக்கும் வரிச்சலுகையும் வாகன நிறுத்தக் கட்டடத்துக்கான உதவியும் மாநகராட்சியிடமிருந்து கிடைத்தன. ஆக, கேளிக்கை கூட்டத்தைக் கூட்டியது. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையிலும் தெருவில் ஆள் நடமாட வைத்தவர்கள் குடியிருக்க வந்தவர்கள்தான்.

ஓசூரில் அப்படியே நடக்குமா என்ற கேள்விக்கு வருவோம். உங்கள் மகன் இருப்பது வாடகை வீடு. மூன்று கோபுரங்களிலும் உள்ள வீடுகள் வாடகைக்கு விடப்படுபவையே. மேலே வீட்டு வாடகையை வாங்குகிற நிறுவனமே கீழே கடை வாடகையையும் வாங்குகிறது. இரைச்சல் தாங்காமல் குடியிருப்பவர் காலி செய்தால் நட்டம் அதே நிறுவனத்துக்கு. ஆகவே இரண்டு பக்கத்தையும் சமாளித்துப்போகும் அக்கறை அதற்கு நிரந்தரமாக இருக்கிறது. நம் ஊரில் வீடுகள் விற்கப்படுகின்றன. கடைசி வீட்டைப் பத்திரம் பதிந்து கொடுத்த நாளோடு, வளாகத்தின் பின்னாள் நலனில் கட்டுநருக்கு இருந்த பணப்பற்று பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. தோற்றம் ஒன்றாக இருந்தாலும் இந்த ஒரு வேறுபாட்டால் வளர்ச்சியின் பாதையே மாறிவிடும்.

வரிசையும் இங்கே தலைகீழ். வீடுகள் முதலில் விற்கப்படும். அந்தப் பணம் சுழன்ற பிறகு ‘இரண்டாம் கட்டமாக’ மாலும் திரையரங்கும் வரும் என்பார்கள். ஓசூருக்கு வீடு தேவை என்பதில் ஐயமில்லை. சிப்காட்டும் வாகன, கைக்கடிகாரத் தொழிற்சாலைகளும், அண்மையில் சேர்ந்த மின்னணுத் தொழிற்சாலைகளும் ஆட்களைக் கொண்டுவந்துகொண்டே இருக்கின்றன. 2019-இல் மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. மாலைநேரக் கேளிக்கைக்கு ஓசூர் தனியாக ஒரு சந்தையா என்பதில்தான் எனக்குத் தயக்கம். சனிக்கிழமை மாலையில் காசு வைத்திருக்கும் குடும்பம் அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூருக்குப் போய்ப் பழகியிருக்கிறது; 2025 ஆகஸ்டிலிருந்து ஓசூர்ச் சாலையில் உள்ள பொம்மசந்திரா வரை பெங்களூர் மெட்ரோவும் வந்துவிட்டது. விளம்பரத் தாளில் உள்ள வீடுகள் எழும்பும் என்று நம்பலாம். அதில் சொல்லும் ஒன்பது சினிமாத் திரைகளை நம்பி விலை கொடுக்காதீர்கள்.

தொழிற்சாலையில் ஓய்வுபெற்று வந்த பணத்தில் இப்படிப்பட்ட வளாகம் ஒன்றில் வீடு வாங்க எண்ணியிருக்கிறேன். சாதாரண அடுக்குமாடிக்குப் பார்ப்பதைவிடக் கூடுதலாக எதைப் பார்க்க வேண்டும்?
— வாசகர், மத்திகிரி

தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரைபட அனுமதி ஆகியவற்றை எப்படியும் பார்ப்பீர்கள். கடையும் வீடும் சேர்ந்த கலப்புப் பயன்பாட்டு வளாகத்தில் முதற்கேள்வி, வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ‘ரெரா’ சட்டப்படியான பதிவு எதற்கு வாங்கப்பட்டிருக்கிறது என்பதுதான். 2016-ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, கட்டம் கட்டமாக எழும் திட்டத்தில் ஒவ்வொரு கட்டமும் தனித் திட்டமாகவே பதிவு செய்யப்பட வேண்டும். ஆகவே குடியிருப்புக் கோபுரத்துக்குப் பதிவெண் இருப்பதால் மாலுக்கும் இருக்கிறது என்று கொள்ள முடியாது. தமிழ்நாட்டு ரெரா இணையதளத்தில் பதிவெண்ணைத் தட்டிப் பார்த்து, திரையரங்கமும் கடைகளும் அதே பதிவில் அடங்குகின்றனவா, முடிக்கும் தேதி என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரத் தாளைத் தூக்கி எறிய வேண்டாம். அதில் சொன்னது பொய்யாகி அதனால் இழப்பு ஏற்பட்டால் ஈடு கேட்கவும், விலகிக்கொண்டு வட்டியோடு பணத்தைத் திரும்பப் பெறவும் அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு இடம் தருகிறது. விற்பனை ஒப்பந்தம் பதிவாவதற்கு முன்னால் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் அவர்கள் கேட்கக் கூடாது. அனுமதி பெற்ற பொது வரைபடத்தை மாற்ற வேண்டுமானால் வீடு ஒதுக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை. இன்று பூங்கா என்று காட்டிய இடத்தில் நாளை உணவுக்கூடம் எழும்பாமல் தடுக்க உங்கள் கையில் இருக்கும் பிடி இதுதான்.

அடுத்தது பராமரிப்புச் செலவு. குளிரூட்டி ஓயாமல் ஓடும் மாலும், மின்விசிறியோடு உறங்கும் உங்கள் வீடும் ஒரே ஜெனரேட்டர், ஒரே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், ஒரே காவல் ஏற்பாடு ஆகியவற்றைப் பகிர்ந்துகொண்டால், செலவு சதுர அடிக் கணக்கில் பிரிக்கப்படுமா, பயன்பாட்டுக் கணக்கில் பிரிக்கப்படுமா என்பதை ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் ஓய்வூதியக்காரருக்குத்தான் முதலில் வலிக்கும். கடைகளும் வீடுகளும் ஒரே சங்கத்தில் சேருமா, தனித்தனிச் சங்கமா, உங்கள் வீட்டுக்கு உரிய பிரிக்கப்படாத நிலப்பங்கு முழு நிலத்தில் கணக்கிடப்படுகிறதா, குடியிருப்புக்கு ஒதுக்கிய நிலத்தில் மட்டுமா என்பவையும் இதோடு பிணைந்தவை. வாகன நுழைவாயில் தனியாக இல்லையென்றால் புதுப்படம் வெளியாகும் நாட்களில் உங்கள் வீட்டுக்கே வரிசையில் நின்று போக வேண்டியிருக்கும்.

இரைச்சலுக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் உண்டு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. உங்கள் மனை எந்த வகைப் பயன்பாட்டில் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வணிகப் பகுதி என்றால் நீங்கள் கோரக்கூடிய அமைதியின் அளவே குறைந்துவிடும்.

தண்ணீரையும் விட்டுவிட வேண்டாம். 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய நம் இரு மாவட்டங்களுக்கும் குடிநீர் தருவதற்காக ஏற்பட்டது. திரையரங்கின் கழிப்பறைகளுக்கும் பூந்தொட்டிகளுக்கும் எங்கிருந்து நீர் என்ற கேள்விக்கு ‘டேங்கர்’ என்று பதில் வந்தால், அதன் விலையும் மாதந்தோறும் உங்கள் பராமரிப்புச் சீட்டில் வரும்.

இப்படியொரு வளாகம் தருமபுரிக்கு வருமா?
— கல்லூரி மாணவர், தருமபுரி

அந்த அளவில் அண்மை எதிர்காலத்தில் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. வார நாட்களிலும் செலவழிக்கக்கூடிய சம்பளக்காரர்கள் நடந்துபோகும் தூரத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தால்தான் அது தாக்குப்பிடிக்கும். பேருந்து நிலையத்தை ஒட்டிக் கீழே கடை, மேலே நான்கு மாடி வீடு என்று எழும் கட்டடங்களும் கலப்புப் பயன்பாடுதான். தருமபுரிக்கு அதுவே பொருந்தும் என்பேன்.

எங்கள் பக்கத்தில் கொத்தமல்லி, புதினா போடும் நிலங்களைச் சேர்த்து வளாகம் கட்டப்போவதாகவும், நிலத்துக்கு விலைக்குப் பதிலாகக் கட்டடத்தில் பங்கு தருவதாகவும் கேட்கிறார்கள். சேரலாமா?
— விவசாயி, சூளகிரி

உலகில் பெயர்பெற்ற உதாரணம் ஒன்று உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. டோக்கியோவில் 2003-இல் திறக்கப்பட்ட ரோப்போங்கி ஹில்ஸ், அலுவலகக் கோபுரம், கலைக்கூடம், திரையரங்கு, குடியிருப்பு எல்லாம் சேர்ந்த ஏறத்தாழ 11 ஹெக்டேர் வளாகம். அங்கே சிறு மனைகளை வைத்திருந்தவர்கள் நானூறு பேருக்கு மேல். அவர்களோடு பேசி, வளாகத்தைக் கட்டி முடிக்கக் கட்டுநரான மோரி நிறுவனத்துக்குப் பதினேழு ஆண்டுகள் பிடித்தன. பழைய உரிமையாளர்கள் பலர் நிலத்துக்கு ஈடாக அங்கேயே வீடு பெற்றுக் குடியேறினார்கள். அவ்வளவு காலம் பேச முடிந்ததற்குக் காரணம், அவர்கள் தனித்தனியாகக் கையெழுத்திடாமல் சங்கமாகக் கூடிப் பேசியதுதான். உங்களிடம் ஒரே மாதத்தில் கையெழுத்துக் கேட்டால் அந்த அவசரத்தையே முதலில் சந்தேகியுங்கள்.

பங்கு வாங்குவது என்றால், விற்பனை அதிகாரம் கொண்ட பொது அதிகாரப் பத்திரத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுக்காதீர்கள். கட்டட அனுமதி கிடைத்த பிறகு, அடித்தளம், கூரை என்று பணி முடிய முடியப் பகுதி பகுதியாக அதிகாரம் தரும்படி ஒப்பந்தம் எழுதலாம். உங்கள் பங்கு எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில் என்பதும் வரைபடத்தோடு இணைக்கப்பட வேண்டும். இருபது சென்ட் நிலம் கொடுத்தவருக்கு எப்போது கட்டப்படும் என்றே தெரியாத மாலின் மூன்றாம் தளத்தில் பங்கு கொடுத்தால், அது காகிதத்தில்தான் இருக்கும். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனை என்றால், சாலைகள் நீங்கலாகப் பத்து விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சி அமைப்புக்கு ஒப்படைத்தாக வேண்டும். அது உங்கள் பங்கிலிருந்து கழியுமா, கட்டுநர் பங்கிலிருந்தா என்று கேளுங்கள்.

இன்னொன்றைப் பலர் சொல்வதில்லை. உங்கள் பங்குக்கு வரும் வீடுகளை நீங்களே வெளியாருக்கு விற்றால், கட்டியவரும் விற்றவரும் சேர்ந்தே பொறுப்பு என்று ரெரா சட்டம் கொள்கிறது. கட்டுநர் பாதியில் விட்டுப்போனால், வாங்கியவர் உங்கள் மீதும் வழக்குப் போடலாம். ஒரு வழக்கறிஞரைக் கட்டுநர் அழைத்து வருவார். நீங்கள் வேறொருவரை, ஊரார் செலவைப் பகிர்ந்துகொண்டு, கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ அமர்த்திக்கொள்ளுங்கள்.