வராத கடிதமும் எழுதாத கடிதமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தம் ஓராண்டு வெளிநாட்டில் இருக்கிறேன். மாதத்துக்கு ஒரு ஊர், தங்குவது விடுதிகளில். நான் நேசிக்கும் பெண்ணோடு தினமும் போனில் பேசினாலும் அவள் கையெழுத்தைப் பார்க்க மனம் ஏங்குகிறது. மூன்று கடிதம் போட்டதாகச் சொல்கிறாள், வந்தது ஒன்றுதான். "நிஜமாகவே போட்டாயா?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாளாகப் பேச்சில்லை. கடிதங்கள் ஒழுங்காக வந்துசேர வழி உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மன்னிப்புக் கேளுங்கள், அதுவும் போனில். சண்டையைக் கடிதத்தில் தொடராதீர்கள். அது போய்ச் சேர்வதற்குள் இங்கே மனம் ஆறியிருக்கும், அங்கே புதிதாகப் புண்படும்.

வழியில் தவறிய கடிதமும் எழுதாத கடிதமும் காத்திருப்பவருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். அவற்றைப் பிரித்துக் காட்ட ஓர் எண் போதும். அவர் கடிதங்களுக்கு ஒரு வரிசை, உங்களுடையவற்றுக்கு இன்னொன்று. தலைப்பில் எண், தேதி, அதன் கீழே "உன் 3 வந்தது, 2 வரவில்லை" என்று ஒரு வரி. 3 கையில் இருந்தால் 2 எழுதப்பட்டுவிட்டது என்று பொருள். சந்தேகம் அஞ்சல் மேல்தான் போகும், அவர் மேல் போகாது.

பதில் வந்தபின் எழுதலாம் என்று இருவரும் இருக்காதீர்கள். ஒரு வழிக்கு 12 நாள் என்றால் கேட்டதற்குப் பதில் வர 24 நாள். கிழமை வைத்துக்கொண்டு வாரம் ஒன்று எழுதுங்கள். கடிதங்கள் குறுக்கே கடந்து போகும், போகட்டும். அதனால் பதில் எழுதும்போது கேள்வியையும் சேர்த்து எழுத வேண்டும். "ஆமாம், எனக்கும் அப்படித்தான்" என்று மட்டும் இருந்தால், எதற்கு ஆமாம் என்று மூன்று வாரம் கழித்து யாருக்கு நினைவிருக்கும்?

இனி முகவரி. உங்கள் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். விடுதியில் நீங்கள் கிளம்பியபின் வரும் கடிதத்தை எடுத்துவைக்க ஆள் இருக்காது. பல நாடுகளில் 'போஸ்ட் ரெஸ்டாந்த்' என்ற ஏற்பாடு உண்டு. கடிதத்தை அஞ்சலகத்திலேயே வைத்திருந்து, பாஸ்போர்ட்டைக் காட்டினால் தருவார்கள். அமெரிக்காவில் இதற்குப் பெயர் 'ஜெனரல் டெலிவரி'. உறையில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், குடும்பப் பெயர் பெரிய எழுத்தில். பிறகு 'போஸ்ட் ரெஸ்டாந்த்' (அமெரிக்காவானால் 'ஜெனரல் டெலிவரி') என்ற சொல், அஞ்சலகம், ஊர், அஞ்சல் குறியீடு. கடைசி வரியில் நாட்டின் பெயர். செல்லப்பெயர் உறைக்கு உள்ளேயே இருக்கட்டும். கவுன்டரில் "இல்லை" என்றால் உங்கள் பெயரின் மற்ற முதலெழுத்திலும் தேடச் சொல்லுங்கள். சில கடிதங்கள் தவறான எழுத்தின் அடுக்கில் உறங்கும்.

வைத்திருக்கும் காலம் நாட்டுக்கு நாடு மாறும். பிரான்சில் 15 நாள். அதன்பின் அனுப்பியவருக்கே திரும்பும், ஆகவே பின்புறம் அவர் முகவரி அவசியம். நீங்கள் ஊரை விட்டுக் கிளம்ப 18 நாள் இருக்கும்போதே அவர் அடுத்த ஊருக்கு எழுதத் தொடங்கட்டும்: பயணத்துக்கு 12 நாள், தாமதத்துக்கு 6. கடிதம் சீக்கிரமே போனாலும் நீங்கள் வரும்வரை அங்கே காத்திருக்கும்.

எடையையும் பார்க்கச் சொல்லுங்கள். பல நாடுகளில் கடிதக் கட்டணத்தின் முதல் படி 20 கிராம். 80 கிராம் வகை ஏ4 தாள் ஒன்று 5 கிராம். இரண்டு தாள் 10, உறை சுமார் 5, அஞ்சலட்டை அளவுப் புகைப்படம் சுமார் 4. மொத்தம் 19. மூன்றாவது தாளை வைத்தால் படி தாண்டிவிடும். தபால்தலை குறைந்தால் உறையில் 'T' என்ற முத்திரை விழும். மீதியை உங்களிடம் கேட்பார்கள், அல்லது கடிதம் திரும்பிப் போகும். நாணயம், சாவி போன்ற கெட்டியான எதையும் வைக்க வேண்டாம், பிரிக்கும் இயந்திரத்தில் உறை கிழியும். உலர்ந்த பூவைச் சில நாடுகள் தாவரத் தடையில் நிறுத்திவிடும். மை பேனாவைவிடப் பால்பாயின்ட் நல்லது, ஈரம் பட்டாலும் எளிதில் கலையாது.

உறைகளைத் தூக்கிப் போடாதீர்கள். முத்திரையில் இருக்கும் தேதியையும் கைக்கு வந்த தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஐந்து கடிதம் சேர்ந்தால் உங்கள் தடத்துக்கு எத்தனை நாள் என்று பிடிபடும். அதைப்போல இரண்டு மடங்கு நாள் ஆகும்வரை ஒரு கடிதத்தைத் தொலைந்ததாகக் கணக்கில் வைக்காதீர்கள். அதன்பிறகும் வராவிட்டால் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்: "2-இல் என்ன எழுதியிருந்தாய்?"