வரைபடம் பெரிதாக இருந்தால் போதுமா? ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக வாழ்ந்து ஆடும் ரோல் பிளேயிங் கேம்) கேள்வி பதில்

செந்தூலிலிருந்து: அண்ணே, எஸ்பிஎம் தேர்வு முடிந்துவிட்டது. இதுவரை கால்பந்து கேம்தான் ஆடியிருக்கிறேன். விட்சர் 3, பால்டர்ஸ் கேட் 3 இரண்டில் எதில் தொடங்கலாம்?

விட்சர் 3-இல் தொடங்கு தம்பி. 2015-இல் வந்த கேம், தள்ளுபடி வரும்போது விலை நன்றாக இறங்கும். அதன் நாயகன் கெரால்ட் ஏற்கெனவே உருவான ஆள் என்பதால் அவனோடு நடந்தால் போதும். பால்டர்ஸ் கேட் 3-இல் கதை தொடங்கும் முன்பே போர்வீரன், மந்திரவாதி என்று 12 பாத்திர வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதியவர்கள் பலர் அங்கேயே திணறுகிறார்கள்.

விட்சரின் பலம் எழுத்து. 'பிளடி பாரன்' (Bloody Baron) பகுதிக்கு வந்தால் உனக்கே புரியும். குடித்துவிட்டு மனைவியை அடித்த பிரபு ஒருவன், காணாமல் போன மனைவியையும் மகளையும் தேடித் தரச் சொல்கிறான். வழியில், மரத்தடியில் அடைபட்ட ஆவியை விடுவிப்பதா கொல்வதா என்று நீ முடிவெடுக்க வேண்டும். விளைவு உடனே தெரியாது. அப்புறம் வேறொரு இடத்தில், நீ நினைத்தே பார்க்காத ஒருவரின் உயிரில் வந்து நிற்கும். எது சரி என்று கேம் உனக்கு மார்க் போடாது. எனக்கு ஆர்பிஜி என்றாலே இதுதான்.

குறை சண்டையில் இருக்கிறது. பாதிக்கு மேல் ஒரே தாளம். வரைபடத்தில் ஸ்கெல்லிகே தீவுகளைச் சுற்றிய கடலில் சிதறிக் கிடக்கும் கேள்விக்குறிகளையும் விட்டுவிடு, பெரும்பாலும் கடத்தல்காரர்களின் பெட்டிகள்தான்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: பால்டர்ஸ் கேட் 3-இல் பகடை மோசமாக விழுந்தால் உடனே முன்பு சேவ் செய்த இடத்துக்கே திரும்பிப் போய்விடுகிறேன். தப்பா?

தப்பில்லை, ஆனால் நல்ல காட்சிகள் பல உங்கள் கண்ணிலேயே படாமல் போகும். பகடை சரியாக விழாமல் பேச்சில் தோற்றால் சண்டை வரலாம், சில நேரம் சிறைக்குப் போவீர்கள். அங்கிருந்து தப்பிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். தோல்விக்கும் இவ்வளவு உழைத்திருப்பதுதான் இந்த கேமின் பெருமை. இதை உருவாக்கிய லேரியன் நிறுவனத்துக்கு நம் கோலாலம்பூரிலும் ஒரு ஸ்டூடியோ இருக்கிறது என்பதில் எனக்குக் கூடுதல் சந்தோஷம்.

கெட்டவனாக ஆடினால் மட்டும் ஏமாற்றம். முதல் பகுதியில் அகதிகள் தங்கியிருக்கும் தோப்பைத் தாக்கினால், உங்கள் கூட்டாளிகளான வில் (Wyll), கார்லாக் இருவரும் உங்களை விட்டுப் போய்விடுவார்கள். இழப்பது நிறைய, அதற்கு ஈடாகக் கிடைப்பது கொஞ்சம்.

செராஸிலிருந்து: நாம் லெவல் ஏற ஏற எதிரிகளும் ஏறுவது நல்லதா?

எனக்குப் பிடிக்காது. 2006-இல் வந்த ஆப்லிவியனில், நீங்கள் பெரிய லெவலுக்குப் போனதும் சாதாரண வழிப்பறிக்காரன்கூட விலையுயர்ந்த கண்ணாடிக் கவசத்தோடு வந்து நிற்பான். அப்படி ஒரு கவசத்தை விற்றாலே அவன் கொள்ளையடிக்கத் தேவையில்லை! பழைய குகைக்குத் திரும்பி, அன்று விரட்டியவனை ஒரே அடியில் சாய்க்கும் சுகமே போய்விடுகிறது. 2011-இல் அதே தொடரில் வந்த ஸ்கைரிம் இடத்துக்கு இடம் லெவல் வரம்பு வைத்து ஓரளவு சரிசெய்தது.

கெப்போங்கிலிருந்து: தம்பி, இரண்டு பிள்ளைகள். இரவில் ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. ஒரே எதிரியைத் திரும்பத் திரும்ப அடித்து லெவல் ஏற்றப் பொறுமை இல்லை.

குரோனோ டிரிகர் ஆடுங்கள் அக்கா. 1995-இல் வந்தது, இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கிறது. இருபது மணி நேரத்தைச் சற்றுத் தாண்டினால் முடித்துவிடலாம், லெவலுக்காக அலைய வேண்டியதே இல்லை. ஆரம்பத்தில் ஒரு திருவிழா வரும். அங்கே யாரோ வைத்திருந்த சாப்பாட்டை எடுத்துத் தின்றால், பிறகு நீதிமன்றத்தில் அதையே உங்களுக்கு எதிரான சாட்சியாகக் கொண்டு வருவார்கள். இத்தனை வருடம் கழித்தும் பல பெரிய கேம்கள் இந்த அளவுக்கு நம்மைக் கவனிப்பதில்லை.

மீண்டும் செந்தூல்: சண்டையே இல்லாவிட்டால் அது ஆர்பிஜியா அண்ணே?

சந்தேகமே வேண்டாம். 2019-இல் வந்த டிஸ்கோ எலீசியத்தில் தனியாகச் சண்டை முறையே கிடையாது. 24 திறன்கள் துப்பறிவாளனின் தலைக்குள் பேசிக்கொண்டே இருக்கும், சில நேரம் தவறான யோசனையும் சொல்லும். திறன்களுக்கு நீ ஏற்றும் எண் ஒவ்வொன்றும் அவன் எப்படிப்பட்டவன் என்பதை மாற்றுகிறது. ஆங்கிலத்தில் வாசிக்க ஏராளமாக இருக்கும், அதனால் விட்சரை முடித்துவிட்டு அதற்குப் போ.

பிரிக்பீல்ட்ஸ்: சைட் குவெஸ்ட், அதாவது முக்கியக் கதைக்கு வெளியே வரும் வேலைகள், எல்லாவற்றையும் முடித்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். டிராகன் ஏஜ் இன்குவிசிஷனில் முதல் பெரிய நிலப்பகுதியான ஹிண்டர்லேண்ட்ஸிலேயே எல்லாவற்றையும் முடிக்கப் பார்த்துச் சலித்துப்போய் கேமையே மூடியவர்கள் நிறைய பேர். மூலிகை பறித்து வா, பத்து ஓநாயைக் கொன்று வா என்று கேட்பவர்களை நம்பிப் போகாதீர்கள். பெயரும் ஒரு பிரச்சினையும் உள்ள ஆள் கூப்பிட்டால் போங்கள்.