எஃபிகசி என்றால் என்ன? மருந்துச் செய்திகளில் வரும் இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?

ஒரு மருந்து எதற்காக உருவாக்கப்பட்டதோ அந்தப் பலனை எந்த அளவுக்குத் தருகிறது என்பதுதான் எஃபிகசி. தமிழில் 'செயல்திறன்' என்று எழுதுகிறார்கள், ஆனால் எஃபிஷியன்சிக்கும் (குறைந்த செலவில், நேரத்தில் வேலையை முடிக்கும் திறன்) அதே சொல்லைப் போடுவதால் குழப்பம்தான் மிச்சம். 'பலன் தரும் திறன்' என்பது எனக்கு இன்னும் தெளிவாகப் படுகிறது.

இதைச் சோதனையில் அளப்பார்கள். ஆட்களைத் தேர்ந்தெடுத்து, சரியான நேரத்தில் சரியான அளவு கொடுத்து, கூடவே போலி மருந்து (மருந்துபோலவே இருக்கும், ஆனால் உள்ளே மருந்து இருக்காது) பெற்ற இன்னொரு குழுவோடு ஒப்பிடுவார்கள், ஏனென்றால் அப்படி ஒப்பிட்டால்தான் பலன் மருந்தால் வந்ததா தானாக வந்ததா என்று தெரியும். வண்டி மைலேஜ் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: சோதனைத் தடத்தில் கிடைப்பது எஃபிகசி, நெரிசலில் நாம் ஓட்டும்போது கிடைப்பது எஃபெக்டிவ்னெஸ், அதாவது அன்றாட வாழ்க்கையில் மருந்து தரும் பலன்.

2020-இல் ஃபைசர் கோவிட் தடுப்பூசிச் சோதனையில் இரு குழுக்களும் கிட்டத்தட்ட சம அளவு. நோய் வந்த 170 பேரில் 162 பேர் போலி ஊசி போட்டவர்கள், 8 பேர் மட்டுமே தடுப்பூசி போட்டவர்கள். அதிலிருந்து வந்ததுதான் செய்திகளில் வந்த அந்த 95 சதவீத எஃபிகசி.

அப்புறம், ஊசி போட்ட 100 பேரில் 5 பேருக்கு நோய் வரும் என்று பலர் இதைப் படிக்கிறார்கள், அது தவறு. போடாதவர்களோடு ஒப்பிட்டால் நோய் வரும் வாய்ப்பு 95 சதவீதம் குறைகிறது என்றுதான் அர்த்தம்.