பயிர்க்கடன், குழுக் கடன்: கேள்வி பதில்

மன்னார்குடியிலிருந்து: பேங்க் பயிர்க்கடனுக்கு 4% என்றார்கள், 7% பிடித்துவிட்டார்கள். ஏன்?

7%தான் அடிப்படை. 3 லட்சம் வரையிலான கடனைக் கெடுவுக்குள் கட்டினால் மத்திய அரசு 3% கழித்துத் தருகிறது. ஒரு லட்சத்துக்கு வருஷ வட்டி 7,000க்குப் பதில் 4,000. கெடு தாண்டினால் அந்த 3,000 போச்சு. அதன்பின் பேங்கின் வழக்கமான வட்டி ஏறும். பழைய கடனைக் கட்டி மறுபடி எடுக்க மூன்று நாளைக்கு வெளியில் ஒரு லட்சம் கைமாற்று வாங்குகிறீர்களா? நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்றால் 2,000 அங்கேயே கரைந்துவிடும். கெடு தேதியைப் பாஸ்புக் அட்டையிலேயே எழுதிவையுங்கள்.

செய்யாறிலிருந்து: குழுக் கடன் 40,000, 24 மாதம், 12% என்கிறார் வசூல்காரர். குறைவுதானே?

இல்லை. அவர் சொல்வது பிளாட் வட்டியா என்று கேளுங்கள். பிளாட் என்றால் இரண்டு வருஷத்துக்கு வட்டி 9,600. மாதத் தவணை 2,067. நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டியோ கடைசி வரை முழு 40,000க்கும் போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது ஏறக்குறைய 21.5%. இன்சூரன்ஸ், கட்டணம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுத்தால் இன்னும் மேலே போகும். 2022 ரிசர்வ் வங்கி விதிப்படி மொத்த வருடாந்திர வட்டியை எழுதிய தாளைத் தர வேண்டும். வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டி முடித்தால் அபராதம் கிடையாது.

திருவாரூரிலிருந்து: கெடு பத்து நாள் தாண்டிவிட்டது, 4% கிடைக்குமா?

முதல் பதிலைப் படியுங்கள். கெடு, கெடு, கெடு.

பட்டுக்கோட்டையிலிருந்து: தள்ளுபடி வரும், கட்ட வேண்டாம் என்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2021இல் 12,110 கோடி பயிர்க்கடன் தள்ளுபடியானது, 2021 ஜனவரி 31 அன்று கூட்டுறவுச் சங்கத்தில் நிலுவை வைத்திருந்தவர்களுக்கு. அதற்கு முன்பே ஒழுங்காகக் கட்டியவருக்கு ஒன்றுமில்லை.

கும்பகோணத்திலிருந்து மறுப்பு: தள்ளுபடி இல்லையென்றால் புயலில் அழிந்தவன் எப்படி எழுவான்?

நியாயம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோயில் நிலத்தில் குத்தகைக்குப் பயிர் வைத்து, தன் பெயரில் கடன் கிடைக்காமல் வெளியில் வட்டிக்கு வாங்கியவருக்கும் அதே புயல்தானே அடித்தது? தள்ளுபடி கடன் கணக்கைப் பார்க்கும், அழிந்த வயலைப் பார்க்காது. அரசு ஈடுகட்டும் வரை கூட்டுறவுச் சங்கத்தின் கையும் வறண்டுபோய் அடுத்த போகக் கடன் தள்ளிப்போகும். குத்தகைக்காரர்கள் முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு) வாங்குங்கள். பயிர்க் காப்பீட்டுக்கும் அதுதான் ஆதாரம்.

அதே பட்டுக்கோட்டைக்காரர்: அப்படியென்றால் கட்டிவிடலாமா?

கட்டுங்கள். கூட்டுறவில் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை.

சீர்காழியிலிருந்து: யூரியா மலிவு, கூடுதலாகப் போடலாமா?

வேண்டாம். மானியத்தால்தான் 45 கிலோ மூட்டை 266.50. விலை குறைவு என்று கூடுதலாகக் கொட்டினால் பயிர் கரும்பச்சையாகி இலைச்சுருட்டுப் புழுவும் புகையான் பூச்சியும் வரும். மிச்சம் பிடித்தது மருந்துக்கே போய்விடும். இலையின் பச்சையை ஒப்பிட்டு உரத் தேவையைக் காட்டும் இலை வண்ண அட்டையைப் பார்த்துப் பிரித்துப் போடுங்கள்.