விண்வெளிக் கழிப்பறையும் அரசுப் பணமும்: கேள்வி பதில்

விண்கலங்களில் கழிவை அகற்ற அமெரிக்க அரசு செய்யும் செலவு பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மலம், சிறுநீர் என்ற சொற்கள் அடிக்கடி வரும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் முடித்துவிட்டு வரலாம்.

வரிகட்டி: ஒரு கழிப்பறைக்கு 2.3 கோடி டாலராம். உண்மையா, வாட்ஸ்அப் கதையா?

உண்மைதான். அதன் முழுப்பெயர் யுனிவர்சல் வேஸ்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம்; நாசா அதை யூ.டபிள்யூ.எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்கிறது. காலின்ஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனம் செய்து கொடுத்தது. 2020 அக்டோபர் 2 அன்று வர்ஜீனியாவின் வாலப்ஸ் ஏவுதளத்திலிருந்து சிக்னஸ் சரக்குக் கலத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பியது. அந்தக் கலத்துக்கு வைத்திருந்த பெயர் கல்பனா சாவ்லா. அவர் பெயர் தாங்கிய கலத்தில் கக்கூஸையா ஏற்றுவது என்று அப்போது என்னிடம் ஒருவர் சண்டைக்கு வந்தார். இரண்டு முறை விண்வெளிக்குப் போனவர் அவர். ஒழுங்கான கழிப்பறையின் அருமை நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

கருவியின் உயரம் சுமார் 71 செ.மீ., எடை சுமார் 45 கிலோ. நிலையத்தில் அதற்கு முன்பிருந்ததைவிட 65 சதவீதம் சிறியது, 40 சதவீதம் எடை குறைந்தது. இதே வடிவத்தில் இன்னொன்று நிலவைச் சுற்றிவரும் ஆர்ட்டெமிஸ் 2 பயணத்துக்கான ஒரையன் கலத்துக்காகச் செய்யப்பட்டது.

ஸ்க்ரூடிரைவர்: அப்படி என்னதான் இருக்கிறது உள்ளே? உட்காருகிறோம், போகிறோம், அவ்வளவுதானே?

பூமியில் அந்த வேலையில் பாதியை ஈர்ப்பு விசை இலவசமாகச் செய்துகொடுக்கிறது. மேலே அது கைவிட்டுவிடுவதால் எல்லாவற்றையும் காற்றோட்டத்தால் இழுக்க வேண்டும். சிறுநீருக்குக் குழாயும் அதன் நுனியில் ஒரு புனலும். மலத்துக்குச் சிறு துளையுள்ள இருக்கை. கால் மிதக்காமலிருக்கப் பிடிமானம். மூடியைத் திறந்ததுமே உறிஞ்சல் தானாகத் தொடங்கிவிடும். நாற்றம் பரவாமலிருக்க அதுவே முதல் காவல்.

விஷயம் அதற்குப் பிறகுதான். உறிஞ்சி வருவது காற்றும் சிறுநீரும் கலந்த நுரை. பூமியில் நுரை அடங்கி, திரவம் கீழே தங்கிவிடும். அங்கே கீழே என்று ஒன்று கிடையாது. அதனால் வேகமாகச் சுழலும் ஒரு பிரிப்பான் திரவத்தை ஓரத்துக்கு எறிகிறது. தயிர் கடையும்போது மத்தைச் சுற்றிச் சிதறுமே, அந்த மாதிரி. காற்று வடிகட்டிகளைத் தாண்டி மறுபடி அறைக்குள்ளேயே வரும். அந்தக் காற்றைத்தான் எல்லோரும் சுவாசிக்கிறார்கள் என்பதை மனதில் வையுங்கள். மலம் ஆளுக்கொரு பையில் விழும். பையைக் கட்டி டப்பாவுக்குள் அமுக்கிவிட வேண்டும். அந்த வேலைக்கு எந்திரம் இல்லை, கைதான்.

சிறுநீரில் அமிலம் கலந்த வேதிக்கரைசல் சேர்க்கிறார்கள். சேர்க்காவிட்டால் நுண்ணுயிர் பெருகும், உப்பு படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கலவை சாதாரண உலோகத்தை அரித்துத் தின்றுவிடும். எனவே பிரிப்பானை டைட்டானியத்தில், முப்பரிமாண அச்சு முறையில் செய்தார்கள். பணம் எங்கே போகிறது என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்தப் பாகத்தைத்தான்.

கணக்குப்பிள்ளை: நீரை மறுசுழற்சி செய்வதால் போட்ட பணம் திரும்பிவிடும் என்கிறார்களே, கணக்கு உதைக்கிறதா?

போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் சிறுநீர் கழிக்கிறார். ஏழு பேருக்குப் பத்து லிட்டருக்கு மேல். அதில் ஒன்பது லிட்டர் திரும்பக் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். தனியார் சரக்கை நிலையத்துக்கு ஏற்ற 2021இல் நாசா அறிவித்த கட்டணம் கிலோவுக்கு 20,000 டாலர். ஆக, நாளொன்றுக்கு 1.8 லட்சம் டாலர் மிச்சம். நான்கு மாதம் சொச்சத்தில் கழிப்பறை விலை எழும்பிவிடுகிறது.

இந்தக் கணக்கைப் பலர் அப்படியே ஒப்பிக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. சிறுநீரை நீராக்குவது கழிப்பறை இல்லை; அதற்குத் தனி எந்திரங்கள், தனிச் செலவு, தனி ரிப்பேர். தவிர, இதற்கு முன்பிருந்த கழிப்பறையும் அதே சிறுநீரை அதே எந்திரங்களுக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. புதியதன் பேரில் இந்த மிச்சம் முழுவதையும் வரவு வைப்பது ஏமாற்று. சிறிய இடத்தில் அடங்குவது, எடை குறைவு, பெண்களுக்கு ஏற்ற புனலும் இருக்கையும், நிலவுப் பயணத்துக்கும் அதே வடிவம்: இவைதான் அதன் நியாயமான வரவு.

ஒப்பிட ஒரு எண் வேண்டுமென்றால், நிலையத்துக்காக நாசா ஆண்டுக்குச் செலவிடுவது சுமார் 300 கோடி டாலர். 2.3 கோடி என்பது அதில் மூன்று நாள் செலவு.

பழையபேப்பர்: அப்படியானால் வீண்செலவே நடக்கவில்லை என்கிறீர்களா?

நடந்திருக்கிறது, நன்றாகவே. விண்வெளி ஓடங்களில் நீண்ட பயணத்துக்கென்று ஒரு புதிய கழிப்பறை செய்தார்கள். 1993 ஜனவரியில் எண்டவர் ஓடத்தில் போனது. 30 லட்சம் டாலருக்கும் குறைவு என்று தொடங்கிய வேலை 2.3 கோடி டாலரைத் தாண்டி நின்றது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே அதைக் கேள்வி கேட்டது. ஒப்பந்தம் போட்ட பிறகு தேவைகளை மாற்றிக்கொண்டே போனால் எந்த அரசுத் திட்டத்துக்கும் இதே கதிதான். இறுதி விலையைப் பார்த்துக் கொதிப்பதைவிட, முதலில் சொன்ன விலைக்கும் கடைசி விலைக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தைப் பார்த்துக் கொதிக்கலாம். கோபத்துக்கு அங்கேதான் வேலை இருக்கிறது.

கழிப்பறை என்றாலே அமெரிக்கர்களுக்கு இன்னொரு பழைய காயமும் உண்டு. 1980களில் ராணுவத்தின் 640 டாலர் கழிப்பறை இருக்கை அங்கே பெரிய ஊழல் கதையானது. பி-3 ஒரையன் என்ற கடற்படை விமானத்துக்கானது அது. உண்மையில் அது இருக்கை இல்லை, கழிப்பறையை மொத்தமாக மூடும் பிளாஸ்டிக் கூடு. அதற்கும் அந்த விலை அதிகம்தான், பிறகு குறைக்கவும் செய்தார்கள். விமானத்தைச் செய்தது லாக்ஹீட்; இன்றைய ஒரையன் விண்கலத்தைச் செய்வது லாக்ஹீட் மார்ட்டின். பெயர் ஒற்றுமை வேண்டுமென்று வைத்ததில்லை, ஆனாலும் சிரிப்பு வருகிறது.

தென்றல்: நிலவுக்கே பையை வைத்துச் சமாளித்தார்களே அக்கா, இப்போது மட்டும் ஏன் இத்தனை சொகுசு?

சமாளித்தார்கள் என்பது பெரிய வார்த்தை, தங்கச்சி. 1961 மே மாதம், விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கரான ஆலன் ஷெப்பர்டின் பயணம் வெறும் 15 நிமிடம் என்பதால் எந்த ஏற்பாடும் செய்யவில்லை. ஏவுதல் மணிக்கணக்கில் தள்ளிப்போனது. கடைசியில் உடைக்குள்ளேயே சிறுநீர் கழித்தார். இரண்டாயிரத்து ஐந்நூறு கோடி டாலர் விழுங்கிய அப்பல்லோவிலும் மலத்துக்கு ஒட்டும் விளிம்புள்ள பிளாஸ்டிக் பைதான். விரலால் தள்ளி, கிருமிநாசினியை ஊற்றி, பையை வெளியிலிருந்து பிசைய வேண்டும். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். அப்பல்லோ 10இன் உரையாடல் பதிவில் அறைக்குள் மிதந்த மலத்தைப் பார்த்து மூன்று பேரும் 'என்னுடையது இல்லை' என்று மறுப்பது இன்றும் படிக்கக் கிடைக்கிறது. மூன்று ஆண்கள், சில நாட்கள் என்பதால் ஓட்டிவிட்டார்கள். ஆறு மாதம் தங்குபவர்களிடம் அந்தப் பையை நீட்ட முடியாது.

சந்தேகி: டயாப்பர் இருக்கிறதே?

ஏவும்போதும், தரையிறங்கும்போதும், வெளியே மிதந்து வேலை செய்யும்போதும் அதுதான். 2021 நவம்பரில் க்ரூ-2 குழு ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கலத்தில் நிலையத்திலிருந்து திரும்பியபோது கழிப்பறை பயன்படுத்த முடியாத நிலையில் இருந்ததால், வழி முழுக்க அதை நம்பியே வந்தார்கள். அதற்குச் சில வாரம் முன்பு வேறொரு டிராகனில் குழாய் ஒன்று கழன்று சிறுநீர் தரைக்கடியில் கசிந்திருந்தது. சில மணி நேரப் பயணத்துக்குச் சரி. அதற்கு மேல் போனால் தோல் புண்ணாகும்.

நிலாப்பித்தன்: அமெரிக்கா ரஷ்யாவிடம் கழிப்பறை வாங்கியது என்கிறார்களே?

2007இல், 1.9 கோடி டாலருக்கு. நிலையத்தில் ஆட்களை மூன்றிலிருந்து ஆறாக்கப் போகிறார்கள், ஒரே கழிப்பறை போதாது. புதிதாக உருவாக்குவதைவிட, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ரஷ்ய வடிவத்தை வாங்குவது மலிவு என்று முடிவு செய்தார்கள். 2008 நவம்பரில் எண்டவர் அதைக் கொண்டுபோனது, நீர் மீட்பு எந்திரங்களோடு சேர்த்து. என்னைக் கேட்டால் இந்த வரலாற்றிலேயே புத்திசாலித்தனமான கொள்முதல் அதுதான்.

இரண்டாவது ஏன் தேவை என்பதை அந்த ஆண்டு மே மாதமே காட்டிவிட்டது. இருந்த ஒன்றில் சிறுநீரை இழுக்கும் பம்ப் மக்கர் செய்தது. ரஷ்யாவிலிருந்து அவசரமாக மாற்று பம்ப் ஃபுளோரிடாவுக்குப் பறந்து, மே 31 அன்று டிஸ்கவரியில் ஏறியது. ஒரு பம்புக்காக ஓடத்தின் சரக்குப் பட்டியலையே கடைசி நேரத்தில் மாற்றினார்கள்.

ஸ்க்ரூடிரைவர்: நீர் மீட்பு எந்திரத்தில் சிக்கல் வந்தது என்று எங்கோ படித்தேன். சற்று விளக்க முடியுமா?

நல்ல கேள்வி. வடிவமைத்தபோது சிறுநீரிலிருந்து 85 சதவீத நீரை எடுக்கலாம் என்று கணக்கிட்டார்கள். 2009 கடைசியில் காய்ச்சி வடிக்கும் பகுதி அடைத்துக்கொண்டு நின்றது. திறந்து பார்த்தால் கால்சியம் சல்பேட் படிவு. எடையற்ற நிலையில் எலும்பு கரைகிறது. அந்தக் கால்சியம் சிறுநீரில் வருகிறது. பதப்படுத்தச் சேர்த்த கந்தக அமிலத்தோடு சேர்ந்து ஜிப்சமாகப் படிகிறது. பூமியில் சோதித்தபோது கொடுத்தவை பூமிவாசிகளின் சிறுநீர், அதில் இவ்வளவு கால்சியம் இல்லை. கொஞ்ச காலம் 70 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு ஓட்டினார்கள். பிறகு கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்பரிக் அமிலத்துக்கு மாறி மீண்டும் 85ஐ எட்டினார்கள். மிஞ்சும் கசடிலிருந்தும் நீரை எடுக்கும் கருவி 2021இல் சேர்ந்தது. மொத்த நீரில் 98 சதவீதம் மீட்கப்படுவதாக 2023 ஜூனில் நாசா அறிவித்தது.

வரிகட்டி: ஐடியாவை மக்களிடம் கேட்டிருந்தால் மலிவாக முடிந்திருக்குமே?

கேட்டார்கள். 2020இல் நிலவுக் கழிப்பறைக்கு வடிவம் கேட்டு அறிவித்த மொத்தப் பரிசு 35,000 டாலர். அதற்கு முன், விண்வெளி உடைக்குள்ளேயே ஆறு நாள் கழிவைச் சமாளிக்கும் வழிக்கு 30,000 டாலர். ஐடியா மலிவுதான். அது தீப்பற்றாது, கசியாது, ஏவும் அதிர்வில் உடையாது என்று நிரூபித்துக் கையெழுத்து வாங்குவதுதான் கோடிகளைத் தின்னும். ஆயிரக்கணக்கில் விற்கும் பொருளென்றால் அந்தச் செலவு பகிர்ந்துபோகும். இதில் செய்வதே ஒன்றிரண்டு.

சந்தேகி: கடைசியாக ஒன்று. மலத்தை மறுசுழற்சி செய்ய நாசா 30 லட்சம் டாலர் பரிசு தருகிறதாமே, கலந்துகொள்ளலாமா?

லூனாரீசைக்கிள் போட்டியைச் சொல்கிறீர்கள், 2024இல் அறிவித்தது. தொகை சரி, பொருள்தான் தவறாகப் பரவிவிட்டது. அது கேட்பது உணவு உறை, பழைய துணி, ஆய்வுக் கழிவு போன்றவற்றை நிலவிலேயே மறுபடி பயன்படுத்தும் வழி. மலத்துக்கு அதில் இடமில்லை. நிலையத்தில் மலம் பெரும்பாலும் இன்றும் சரக்குக் கலத்தில் ஏறி, வளிமண்டலத்தில் எரிந்துதான் போகிறது; அதில் முக்கால் பங்கு நீர் இருந்தும் அதை யாரும் பிழிந்தெடுப்பதில்லை. செவ்வாய்க்குப் போகும் கலத்துக்கு அப்படி எரித்துத் தள்ள வழியிருக்காது, அதற்கான பட்ஜெட் வரும்போது மறுபடி கேளுங்கள்.