கை பட்டால் உளூ முறியுமா? கேள்வி பதில்

உளூ என்பது தொழுகைக்காக முகம், கை, கால் கழுவிச் செய்யும் சுத்தம். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஷாபிஈ மத்ஹபினர் (மத்ஹப் என்பது இஸ்லாமியச் சட்டப் பிரிவு) என்பதால் பதில்களும் அதன்படியே. ஆணும் பெண்ணும் தொடுவது பாவமா என்பது ஒரு கேள்வி, உளூ முறியுமா என்பது வேறு கேள்வி. மனைவியைத் தொடுவது ஹலால், ஆனால் உளூ முறியும். இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சந்தேகங்கள் வருகின்றன.

கேள்வி (வெள்ளவத்தை): அஸர் (பிற்பகல்) தொழுகைக்கான உளூவோடு 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். நெரிசலில் ஒரு பெண்ணின் கை பட்டுவிட்டது.

பதில்: நாடாமல் பட்டதால் பாவமில்லை. தோலோடு தோல் பட்டிருந்தால் இருவருக்கும் உளூ முறிந்தது. இடையில் துணி இருந்தால் முறியாது. முடி, நகம், பல் பட்டாலும் முறியாது. பட்டதா இல்லையா என்பதே சந்தேகமென்றால் உளூ இருக்கிறது. சந்தேகத்துக்காகத் திரும்பத் திரும்பக் கழுவுவது வஸ்வாஸ், அதாவது வீண் மனக்குழப்பம்.

கேள்வி (கோட்டை): கந்தோரில் பெண் மேலதிகாரி கை நீட்டினால்?

பதில்: பைஅத் எனும் உறுதிமொழி வாங்கும்போதும் நபியவர்கள் அந்நியப் பெண்ணின் கையைத் தொட்டதில்லை, வாய்வார்த்தையாலேயே வாங்கினார்கள் என்று அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அறிவிப்பது புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அவர் கை நீட்டிய பிறகு நீங்கள் பின்வாங்கினால்தான் சங்கடம். உள்ளே நுழையும்போதே வலக்கையை நெஞ்சில் வைத்து, நீங்களே முந்திக்கொண்டு குட் மோர்னிங் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (மருதானை): மாமியார், மனைவியின் தங்கை, சாச்சி?

பதில்: மாமியார் நிகாஹ் முடிந்த கணமே நிரந்தர மஹ்ரம் (என்றென்றைக்கும் மணக்க முடியாத உறவு), முறியாது. மனைவியின் தங்கையை மணக்கத் தடை தற்காலிகமானது, ஆகவே அவர் மஹ்ரம் அல்ல, முறியும். சாச்சி என்பதில் கவனம்: உம்மாவின் தங்கையென்றால் மஹ்ரம், சாச்சாவின் மனைவியென்றால் அந்நியர். சொல் ஒன்று, சட்டம் இரண்டு. பால்குடி உறவால் மஹ்ரமாக, பிள்ளைக்கு இரண்டு வயதாகுமுன் ஐந்து தடவை தனித்தனியாகப் பால் கொடுத்திருக்க வேண்டும்.

கேள்வி (தெமட்டகொடை): தவாஃப் (கஃபாவைச் சுற்றிவருவது) கூட்டத்தில் என்ன செய்வது?

பதில்: அங்கே மட்டும் ஹனபி மத்ஹபைப் பின்பற்றுவோர் நம்மவரில் பலர், அதில் தொடுவதால் மட்டும் முறியாது. ஆனால் உளூவையும் அதன்படியே செய்ய வேண்டும். நமக்குச் சில முடியில் ஈரக்கை பட்டாலே போதும். அவர்களுக்குத் தலையில் கால் பங்கு மஸ்ஹு (ஈரக்கையால் தடவுதல்) செய்தாக வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். காலில் காயம்பட்டு ரத்தம் வழிந்தாலும் ஹனபியில் முறியும்.

கேள்வி (கொள்ளுப்பிட்டி): மனைவி மேமன் சமூகத்தவர், ஹனபி. தேத்தண்ணி வாங்கும்போது விரல் பட்டால்?

பதில்: உங்களுக்கு முறியும், அவருக்கு முறியாது. கோப்பையை மேசையில் வைக்கச் சொல்லுங்கள்.