உற்சாகம் வடிந்த பிறகும் எடைக் குறைப்பைத் தொடர்வது எப்படி?

ஆரம்பத்தில் வெறியோடு இறங்குகிறேன், இரண்டு மூன்று வாரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது, மோட்டிவேஷனைத் தக்கவைக்க என்ன செய்வது, ஜிம்முக்கு ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடையைக் குறைத்து, சில வருடங்களாக அதை ஏறவிடாமல் வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எனக்குச் சந்தேகம் உங்கள் சோம்பல் மேல் இல்லை, எடை பார்க்கும் மெஷின் மேல்தான்.

சாப்பாட்டைக் குறைத்த முதல் வாரமே எடை மளமளவென்று இறங்கும். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு சுமார் அரை கிலோ இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு கரையும்போது தண்ணீரும் சேர்ந்து போய்விடும். கொழுப்பு அப்படிப் போகாது. ஒரு கிலோ கொழுப்பு என்பது கிட்டத்தட்ட 7,700 கலோரி. தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டாலும் அது கரைய இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். இதற்கிடையில் உப்பு தூக்கலான ஒரு ராத்திரிச் சாப்பாடு, மலச்சிக்கல், மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள் என்று எது வந்தாலும் ஒரு கிலோ சர்வசாதாரணமாக ஏறி இறங்கும். ஆக, நீங்கள் எல்லாம் ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும்போதுதான் மெஷின் நகராமல் நிற்கிறது. யாருக்குத்தான் வெறுத்துப்போகாது?

நான் காலையில் கழிவறை போய்வந்ததும் வெறும் வயிற்றில் எடை பார்த்து, போனில் குறித்துக்கொள்வதோடு சரி. வாரக் கடைசியில் ஏழு நாள் சராசரியைப் போட்டு, போன வாரச் சராசரியோடு ஒப்பிடுவேன். தினசரி எண் உங்கள் மனநிலையைக் கெடுக்கும் என்றால் மெஷினைப் பரணில் போட்டுவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டேப்பால் இடுப்பை அளந்துகொள்ளுங்கள். மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும், வயிற்றை எக்கக் கூடாது. (இந்த விஷயத்தில் நாம் எல்லோருமே கில்லாடிகள்.)

அதைவிட உற்சாகம் தருவது, உடம்பு தேறுவதைக் கவனிப்பது. எடை குறைவதற்கு முன்பே அது தெரிய ஆரம்பித்துவிடும். வழக்கமாக ஏறும் மாடிப்படியில் எந்த மாடியில் மூச்சு வாங்குகிறது? தூங்கி எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்கும் முன், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு எவ்வளவு? வாரக்கணக்கில் விடாமல் நடந்தால் இரண்டிலும் மாற்றம் தெரியும். அதனால் நடைப்பயிற்சியை எடைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்பேன். 70 கிலோ உள்ளவர் அரைமணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 150 கலோரி. ஒரு கை நொறுக்குத்தீனியில் அது திரும்பி வந்துவிடும். எடைக்குச் சாப்பாடு, தெம்புக்கு நடை என்று பிரித்துக்கொண்டால் ஒன்றின் ஏமாற்றம் மற்றதைக் கெடுக்காது.

அப்புறம், 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதை நம்பி ஏமாறாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று தெரிந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பும் இல்லை. ‘நேற்றுப் போகவில்லை, அவ்வளவுதான், எல்லாம் போச்சு’ என்று மொத்தமாகக் கைவிடுபவர்கள் இதைப் படிக்க வேண்டும். அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் எல்லோருமே ஏற்கெனவே அன்றாடம் செய்கிற ஒன்றோடு புதுப் பழக்கத்தைக் கோத்துக்கொண்டவர்கள். ‘நேரம் கிடைத்தால் நடப்பேன்’ என்றால் நேரம் கிடைக்கவே கிடைக்காது. பல் தேய்த்ததும் ஷூ மாட்டுவது என்றால் அங்கே யோசிக்க ஒன்றுமில்லை. மனசே இல்லாத நாளில் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பிவிடுவேன். அதையும் நடந்ததாகவே எழுதிக்கொள்வேன்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் சொல்கிறது. இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும்.

சரி, ஜிம் பணம். வருடத்துக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள். ஜான் குர்வில், திலீப் சோமன் என்ற ஆய்வாளர்கள் ஜிம் உறுப்பினர்களின் வருகையைக் கவனித்ததில், பணம் கட்டிய கையோடு அடிக்கடி வருவதும், நாளாக ஆகக் குறைவதும், அடுத்த தவணை கட்டியதும் மறுபடி வருவதுமாக இருந்திருக்கிறது. மாதாமாதம் கட்டியவர்கள்தான் ஓரளவு சீராக வந்திருக்கிறார்கள். மாதக் கட்டண வசதி இருக்கிறதா, நீங்கள் தினமும் போய்வரும் வழியிலேயே ஜிம் இருக்கிறதா, இந்த இரண்டை மட்டும் பார்த்துச் சேருங்கள்.